லாரி நிற்க ஓர் இடம் வேண்டும்: நெடுஞ்சாலை அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய நெடுஞ்சாலை, போக்குவரத்து அதிகாரிகளுக்கு,

கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் போகும் வழியில் சாலையை ஒட்டி ஒரு மண் திடல் இருந்தது. நாலைந்து புளியமரம், ஒரு டீக்கடை, கடைக்காரர் தன் செலவில் கட்டிய ஒரு தண்ணீர்த் தொட்டி. நெருக்கிப் போட்டால் பதினைந்து லாரி நிற்கும். நான் கிளீனராக வண்டி ஏறிய 1994-ல் இருந்து அந்த இடம் எனக்குத் தெரியும். போன மாதம் ராத்திரி ஒன்றரை மணிக்கு அங்கே வண்டியைத் திருப்பப் போனேன். உள்ளே நுழையும் வழி முழுக்க கான்கிரீட் கட்டைகளை வரிசையாகப் போட்டு அடைத்திருந்தார்கள். பக்கத்தில் புதிதாக ஒரு பலகை. இங்கே வாகனங்களை நிறுத்தக் கூடாது, மீறினால் அபராதம் என்று எழுதியிருந்தது.

சரியாக எந்த இடம் என்று நான் எழுதவில்லை. டீக்கடைக்காரருக்கு அதனால் தொல்லை வரக் கூடாது. கட்டைகளைப் போடச் சொன்னவருக்கு இடம் தெரியும்.

அன்றைக்கு என் வண்டியில் சேலத்து ஜவ்வரிசி, நாக்பூர் லோடு. மதியத்தில் இருந்து மூட்டை ஏற்றும்போது கூடவே நின்று, தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டிக் கிளம்பும்போது மணி பத்து. அந்தத் திடலில் மூன்று மணி நேரம் படுத்துவிட்டு எழுந்தால் விடிவதற்குள் பெங்களூரைத் தாண்டிவிடலாம் என்பது என் கணக்கு. அடைத்திருந்ததால் எரியும் கண்ணோடு மேலே ஓட்டினேன். அடுத்து வந்த பெட்ரோல் பங்கில் காவலாளி டார்ச்சை ஆட்டி, டீசல் போட்டால் நிறுத்து, இல்லையென்றால் எடு என்றார். அதற்கடுத்த ஓட்டலில் கார்கள் மட்டும் என்று போர்டு வைத்துச் சங்கிலி கட்டியிருந்தார்கள். கடைசியில் ஒரு மேம்பாலம் இறங்கும் இடத்தில் சாலையோரமாக ஒதுக்கி, நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டுப் படுத்தேன். ஒவ்வொரு பஸ் கடக்கும்போதும் கேபின் ஆடியது. இரண்டு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அதிலாபாத் தாண்டும்போது செல்போனில் அபராதம் வந்தது. போக்குவரத்துக்கு இடையூறாக வண்டியை நிறுத்தியதற்கு, இது இரண்டாவது முறை என்பதால், 1,500 ரூபாய். படத்தில் என் வண்டியின் பின்பக்கம் தெளிவாகத் தெரிந்தது.

அபராதத்தைக் கட்டிவிட்டேன். அதைத் திருப்பிக் கேட்கவில்லை. நான் சாலையில் நிறுத்தியது தவறுதான். அந்த ராத்திரி நான் எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும்.

ஏன் அடைத்தார்கள் என்று திரும்பி வரும்போது டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன். ஒருநாள் ராத்திரி திடல் நிரம்பிவிட்டதாம். கடைசியாக வந்த லாரியின் பின்பக்கம் சாலையில் நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. பின்னால் வந்த கார் அதில் மோதி ஒருவர் இறந்துவிட்டார். அதற்கப்புறம் வந்து அடைத்துவிட்டார்கள்.

அந்தச் சாவை நான் சின்ன விஷயமாகச் சொல்ல மாட்டேன். நின்றுகொண்டிருக்கும் லாரியில் கார் மோதினால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவன் நான். பல வருடம் முன்பு, விழுப்புரத்துக்கு இந்தப் பக்கம். எனக்கு முன்னால் போன கார் அது. லாரியின் பின்சட்டம் கார் ஓட்டுபவரின் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். காரின் முன்பக்கத்தை, மோதினால் நசுங்கி உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றும்படிதான் செய்திருக்கிறார்கள். ஆனால் லாரிக்கு அடியில் புகுந்துவிட்டால் அந்த முன்பக்கம் எதிலும் மோதுவதே இல்லை. முதலில் மோதுவது கண்ணாடி, அப்புறம் ஆள். எங்கள் ஜாக்கி லீவரை வைத்துத்தான் கதவைப் பிரித்தோம். பின்சீட்டில் இருந்து இறங்கிய பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "லைட் எரியலையேப்பா, லைட் எரியலையே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைதான். அந்த லாரியில் பின் விளக்கு எரியவில்லை.

அதனால் சாலையில் லாரி நிற்கக் கூடாது என்று நீங்கள் சொன்னால் உங்களுக்கு முன்பே நான் கை தூக்குவேன். ஆனால் நீங்கள் செய்திருப்பது என்ன? திடலுக்குள் நின்ற பதினைந்து லாரியையும் சாலைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அன்று ராத்திரி மேம்பாலம் இறங்கும் இடத்தில் என் வண்டிக்கு முன்னால் இரண்டு, பின்னால் மூன்று லாரி நின்றன. எல்லாம் முன்பு அந்தத் திடலில் நின்றவை. ஒரு சாவைத் தடுக்கப் போட்ட கட்டை, சாவு நடக்கக்கூடிய இடங்களைக் கூட்டியிருக்கிறது.

காருக்கும் லாரிக்கும் உள்ள வித்தியாசத்தை யோசிக்காமல் போட்ட உத்தரவு இது என்று நினைக்கிறேன். காரில் வருபவருக்கு ஓர் இடத்தில் நிறுத்தத் தடை என்றால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. அடுத்த ஓட்டல் வாசலில் நிறுத்துவார், இல்லையென்றால் ஊருக்குள் புகுந்து ஒரு லாட்ஜில் படுப்பார். என் வண்டி பன்னிரண்டு சக்கரம். ஊருக்குள் கொண்டுபோனால் திருப்ப முடியாது, பல ஊரில் பகலில் நுழையவே அனுமதி கிடையாது. விட்டுவிட்டு நானும் நகர முடியாது. தார்ப்பாயைக் கிழித்து மூட்டை எடுப்பவர்கள் இருக்கிறார்கள், டேங்கில் குழாய் விட்டு டீசல் உறிஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். லோடு போய்ச் சேரும்வரை அது என் பொறுப்பு.

காரில் வருபவர் வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார், ராத்திரிக்குள் இன்னொரு வீட்டுக்கோ ஓட்டலுக்கோ போய்விடுகிறார். நான் கிளம்பினால் வீடு திரும்ப 12 நாள், 15 நாள். அதுவரை சமையல், சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் அந்த வண்டியோடுதான். வண்டியின் பக்கவாட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கும், கவனித்திருப்பீர்கள். அதற்குள் ஸ்டவ், குக்கர், புளி, பருப்பு, ஒரு கேன் தண்ணீர். அந்தத் திடலில் கதவை இறக்கிவிட்டால் அதுவே மேடை. அங்கே வெங்காயம் நறுக்கிக்கொண்டேதான் முன்னால் எந்தச் சாலையில் என்ன வேலை நடக்கிறது, எங்கே மழை என்று வட நாட்டில் இருந்து திரும்புகிறவர்களிடம் கேட்டுக்கொள்வோம். கட்டை போட்டு நீங்கள் அடைத்தது எங்கள் அடுப்படியையும் திண்ணையையும் சேர்த்து.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கண் அசந்தால் கார் ஓட்டுபவருக்கும் ஆபத்துதான். ஆனால் சின்னக் கார் ஒரு டன், ஒன்றேகால் டன். என் வண்டி லோடோடு 35 டன். காரில் பிரேக் ஆயிலில் வேலை செய்கிறது, மிதித்த உடனே பிடிக்கும். லாரியில் காற்று. பெடலை மிதித்தால் வால்வு திறந்து, டேங்கில் இருக்கும் காற்று குழாய் வழியாகப் பின் அச்சு வரை போய்ச் சேர்ந்த பிறகுதான் பிடிக்க ஆரம்பிக்கும். அரை நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை நொடிக்குள் வண்டி 8 மீட்டர் போய்விடும். இரண்டு கார் நீளம். வேகம் குறைவது அதற்குப் பிறகுதான். இதில் டிரைவர் அரை நொடி தாமதமாகப் பார்த்தாலும் போச்சு.

தொப்பூர் இறக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தர்மபுரியில் இருந்து சேலம் பக்கம் இறங்குவது. அங்கே இருக்கும் இரட்டைப் பாலம் என்று சொன்னாலே எங்கள் ஆட்கள் வீட்டில் பயப்படுவார்கள். நாசிக் வெங்காயம் ஏற்றிக்கொண்டு பத்து நாள் ஓட்டத்தின் கடைசியில், வீடு பக்கத்தில் வந்துவிட்ட நினைப்பில்தான் அங்கே வருவோம். காரில் வருபவருக்கு அது ஒரு வளைவு, ஓர் இறக்கம். எங்களுக்கு அது உச்சியில் எடுக்க வேண்டிய ஒரு முடிவு. எந்த கியரில் இறங்குவது என்று மேலேயே தீர்மானித்துக் குறைத்துவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு குறைக்கப் பார்த்தால் கியர் விழாது, நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் கால் பிரேக் ஒன்றுதான் கதி. விடாமல் மிதித்தால் பிரேக் டிரம் சூடாகும், பிரேக் லைனர் கருகும் வாடை கேபினுக்குள் வரும், எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு இருக்காது. டீசல் மிச்சம் பிடிக்க அந்த இறக்கத்தில் வேண்டுமென்றே நியூட்ரலில் விடுகிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள். அது பெரும் தப்பு. என்னிடம் தொழில் கற்ற பையன்களை அதற்காக அடிக்காத குறையாகத் திட்டியிருக்கிறேன். ஆனால் வேண்டுமென்று செய்யாமல், தூக்கக் கலக்கத்தில் கியரைக் குறைக்க மறந்தவனும் அதே பாலத்தில்தான் போய் நிற்கிறான். அவனுக்கு மேலே ஏதாவது ஓர் இடத்தில் மூன்று மணி நேரம் படுக்க இடம் கிடைத்திருந்தால்?

முன்பு இன்னொருவர் கூட இருப்பார். நாடு முழுக்க ஓடும் நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்று விதியே இருந்தது. 2018-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். கிளீனர் வேலைக்கு இப்போது பையன்கள் வருவதில்லை, வராததும் நல்லதுதான், படிக்கட்டும். ஆக, வண்டியில் நான் ஒருவன். இடது பக்கம் ஒட்டி வரும் பைக் எனக்குக் கண்ணாடியில் தெரியாது. முன்பு கிளீனர் கதவைத் தட்டிச் சொல்வான். தூக்கம் வந்தால் பேச்சுக் கொடுப்பான். ஆளைக் குறைத்தீர்கள், அந்த ஒரே ஆள் படுக்கும் இடத்தையும் அடைத்தீர்கள். இந்த இரண்டையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா?

மோட்டார் தொழிலாளருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று 1961-லேயே பாராளுமன்றத்தில் சட்டம் போட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்பு. அந்த அரை மணி நேரத்தை ஆறுவழிச் சாலையில் எங்கே எடுப்பது என்று சாலை போட்டவர்கள் அல்லவா சொல்ல வேண்டும்?

பணம் வாங்கும் இடங்களில் சட்டம் லாரியைத் தனியாகத்தான் வைத்திருக்கிறது. வெள்ளை போர்டு சொந்தக் காரைப் புதிதாகப் பதிந்தால் 15 வருடத்துக்கு ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, செல்லும். மஞ்சள் போர்டு லாரிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, அப்புறம் வருடா வருடம். பர்மிட் தனி. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தனி. 2022-ல் அறிவித்த கட்டணப்படி 1000 முதல் 1500 சிசி வரை உள்ள காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 3,416 ரூபாய். 20 டன்னுக்கு மேல் 40 டன் வரை உள்ள லாரிக்கு 43,950. சுங்கத்துக்கு 2008-ல் விதி போட்டபோது காருக்கு அடிப்படைக் கட்டணம் கிலோமீட்டருக்கு 65 பைசா, நான்கு முதல் ஆறு அச்சு வண்டிக்கு 3 ரூபாய் 45 பைசா. ஐந்து மடங்குக்கு மேல். 2025 ஆகஸ்ட் 15 முதல் 3,000 ரூபாய்க்கு 200 பயணம் என்று பாஸ் கொடுத்தீர்கள், அதுவும் சொந்த உபயோகத்துக்கான கார், ஜீப், வேனுக்கு மட்டும்.

இவற்றில் பெரும்பாலானதை நான் ஒப்புக்கொள்கிறேன். 35 டன் ஓடினால் சாலை தேயும், தேய்ப்பவன் கூடுதலாகக் கட்டுவது நியாயம். இதே தொழிலில் இருக்கும் என் நண்பர்களுக்கு இதில் வேறு கருத்து உண்டு, அவர்கள் தனியே எழுதட்டும். நான் கேட்பது இதுதான்: கட்டணத்தில் லாரி வேறு என்றால் வசதியிலும் வேறாக இருக்க வேண்டும். நால்வழிச் சாலைக்கான தரநிலையிலேயே லாரி நிறுத்துமிடம் ஒரு வசதியாக எழுதப்பட்டிருக்கிறது. நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. எழுதியிருப்பதை எங்கள் கண்ணில் காட்டச் சொல்கிறோம்.

சில இடங்களில் கட்டியிருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அவை எப்படி இருக்கின்றன என்று ராத்திரியில் போய்ப் பார்த்தால் தெரியும். சேலத்துக்கு வடக்கே ஒன்றில் கழிப்பறைக்குப் பூட்டு, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு இல்லை. இன்னொன்று பத்து லாரிக்கு மேல் கொள்ளாது, ராத்திரி ஒன்பது மணிக்கே நிரம்பிவிடும். பகலில் வந்து பார்ப்பவர்களுக்கு அது காலியாகத்தான் தெரியும்.

2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். மே மாதம் நாக்பூர் போனவனுக்கு அதன் அருமை தெரியும். டிரைவரின் உடம்பும் பாதுகாப்பில் ஒரு பகுதி என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அதே யோசனை சாலையோரத்துக்கும் வர வேண்டும்.

என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தத் திடல். கட்டைகளை எடுங்கள். எடுத்துவிட்டு அப்படியே விடச் சொல்லவில்லை. நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு வழி என்று பிரித்து, சாலைக்கும் திடலுக்கும் நடுவில் தடுப்புச் சுவர் கட்டி, நிரம்பிவிட்டால் இடமில்லை என்று அரை கிலோமீட்டர் முன்பே தெரியும்படி ஒரு விளக்கு வையுங்கள். எந்த லாரியின் பின்பக்கமும் சாலையில் நீட்டாது. இறந்தவரின் குடும்பத்துக்கு நாம் சொல்லக்கூடிய பதிலும் அதுவாக இருக்கட்டும்.

அடுத்து, இனிமேல் எந்த இடத்தையும் அடைப்பதற்கு முன்னால், அங்கே நிற்கும் லாரிகள் எங்கே போகும் என்பதை அதே உத்தரவில் எழுதுங்கள். மாற்று இடம் திறந்த பிறகு பழைய இடத்தை அடையுங்கள்.

கிருஷ்ணகிரியில் இருந்து சேலம், நாமக்கல், கரூர் வரை 40 கிலோமீட்டருக்கு ஒன்றாவது, இருபது முப்பது லாரி கொள்ளும்படி நிறுத்துமிடம் வேண்டும். விளக்கு, தண்ணீர், திறந்திருக்கும் கழிப்பறை, ராத்திரியில் ஒரு காவலாளி. வேறு ஆடம்பரம் எதுவும் வேண்டாம். சுங்கச்சாவடிகளை ஒட்டிச் சும்மா கிடக்கும் நிலத்தில் இதை உடனே தொடங்கலாம், தரையைக் கெட்டிப்படுத்தினால் போதும்.

தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால், தர்மபுரி பக்கம், லோடு லாரிகள் எல்லாம் நின்று பிரேக்கும் ஏர் பிரஷரும் பார்த்துவிட்டு, டிரம் ஆறிய பிறகு இறங்கும்படி ஓர் இடம் கட்டாயம் வேண்டும். பத்து நிமிடம் நிறுத்தினால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இவையெல்லாம் வரும்வரை, வண்டிகள் ஓடும் பாதைக்கு முழுக்க வெளியே, நாலு இண்டிகேட்டரும் பின் விளக்கும் எரியவிட்டு ராத்திரியில் ஓய்வெடுக்கும் லாரிக்கு அபராதம் போடாதீர்கள். விளக்கில்லாமல் நிற்கும் வண்டிக்கும், ஓடும் பாதையில் நிற்கும் வண்டிக்கும் போடுங்கள். அது என் வண்டியாக இருந்தாலும் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் சாலைப் பாதுகாப்புக் கூட்டங்களில் பஸ் டிரைவர், லாரி டிரைவர் என்று ஓட்டுகிற நாலு பேருக்கு நாற்காலி போடுங்கள். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. கன்னியாகுமரியில் இருந்து நாக்பூர் வரை லாரி பத்திரமாக நிற்கக்கூடிய இடங்கள், அடைத்துவிட்ட இடங்கள், நிற்கவே கூடாத இடங்கள் எல்லாம் கிலோமீட்டர் கல் எண்ணோடு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த டிரிப் முடிந்து இந்த மாதக் கடைசியில் ஊருக்கு வருவேன். நாள் சொன்னால் நோட்டோடு வந்து உட்காருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு லாரி டிரைவர்,
நாமக்கல் மாவட்டம்